குவெட்டா ஹசாராக்களும் காற்பந்தாட்டமும்

குவெட்டா ஹசாராக்களின் காற்பந்தாட்டம் என்பது பாகிஸ்தானின் பலூசிஸ்தான் மாகாணத் தலைநகரான குவெட்டாவில் வாழும் ஹசாரா எனும் சிறுபான்மை இனத்தவரிடையே வளர்ந்த விளையாட்டு மரபு ஆகும். 1960களில் பாகிஸ்தான் தேசிய அணிக்குத் தலைமை தாங்கிய கையூம் சங்கேஸி இம்மரபில் தோன்றியவர். 1990களின் இறுதியில் தொடங்கிய தாக்குதல்களால் இச்சமூகத்தினர் நகரின் இரு குடியிருப்புகளுக்குள் ஒடுங்கி வாழ நேர்ந்தது. எனவே இங்குள்ள ஓர் இளம் ஆட்டக்காரர் உயர்நிலையை எட்டுவது அவருடைய திறமையை மட்டுமன்றி, குடியிருப்பை விட்டு வெளியே பாதுகாப்பாகப் பயணம் செய்ய இயலுமா என்பதையும் பொறுத்ததாக ஆயிற்று. இக்கட்டுரை அத்தகைய ஆட்டக்காரர் ஏற வேண்டிய படிநிலைகளையும், ஒவ்வொரு படியிலும் உள்ள தடைகளையும் விளக்குகிறது.

பெயர்

பாரசீக மொழியில் "ஹசார்" என்றால் ஆயிரம் என்று பொருள். மங்கோலியப் படைகள் ஆயிரவர் கொண்ட பிரிவுகளாக அமைந்திருந்தன. அப்பிரிவுகளைக் குறித்த சொல்லிலிருந்தே ஹசாரா எனும் இனப்பெயர் வந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம் ஆகும். ஹசாராக்களில் பலர் சங்கேஸி என்ற குடும்பப் பெயரைக் கொண்டுள்ளனர். இது செங்கிஸ்கானின் பெயரிலிருந்து வந்தது.

பாகிஸ்தானின் வடமேற்கில் அபோட்டாபாத் நகரை உள்ளடக்கிய பகுதிக்கும் ஹசாரா என்றே பெயர். அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் ஹிந்த்கோ மொழி பேசுவோர். இக்கட்டுரையில் கூறப்படும் ஹசாரா இனத்தவருக்கும் அப்பகுதிக்கும் தொடர்பில்லை.

பின்னணி

ஹசாராக்களின் தாயகம் ஆப்கானிஸ்தானின் நடுவே உள்ள மலைப்பகுதி ஆகும். பாமியான் இப்பகுதியின் புகழ்பெற்ற நகரம். இவர்கள் பாரசீகத்தின் ஒரு வட்டார வழக்கான ஹசாராகி மொழியைப் பேசுகின்றனர். பெரும்பான்மையோர் ஷியா முஸ்லிம்கள். நடு ஆசிய மக்களை ஒத்த இவர்களுடைய முக அமைப்பு, இவர்களைப் பிற இனத்தவரிடமிருந்து எளிதில் வேறுபடுத்திக் காட்டுகிறது. பிற்காலத் தாக்குதல்களில் இவ்வடையாளமே இவர்களுக்குப் பேராபத்தாக அமைந்தது.

ஆப்கானிஸ்தானின் அமீராக இருந்த அப்துர் ரகுமான் கான் 1890களின் தொடக்கத்தில் ஹசாராக்களின் எழுச்சியைக் கடுமையாக ஒடுக்கினார். அப்போது பலர் பிரித்தானிய இந்தியாவின் எல்லை நகரான குவெட்டாவுக்குக் குடிபெயர்ந்தனர். 1904-இல் குவெட்டாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஹசாரா பயனியர் படைப்பிரிவு அமைக்கப்பட்டது. சாலை, பாலம் முதலியவற்றை அமைக்கும் பணியோடு போரிலும் ஈடுபட்ட இப்பிரிவு 1933-இல் கலைக்கப்பட்டது. 1958 முதல் 1966 வரை பாகிஸ்தான் தரைப்படைத் தளபதியாக இருந்த ஜெனரல் முகம்மது மூசா, குவெட்டா ஹசாரா சமூகத்தைச் சேர்ந்தவர்.

1980களிலும் 1990களிலும் ஆப்கானிஸ்தானில் நடந்த போர்களின் விளைவாக மேலும் பல ஹசாராக்கள் குவெட்டாவுக்கு வந்தனர். இன்று குவெட்டாவில் வாழும் ஹசாராக்களின் எண்ணிக்கை நான்கு இலட்சம் முதல் ஆறு இலட்சம் வரை எனப் பலவாறாக மதிப்பிடப்படுகிறது. இவர்கள் முதன்மையாக இரு இடங்களில் வாழ்கின்றனர்.

மரியாபாத்: நகரின் கிழக்கில் மலையடிவாரத்தில் அமைந்த பழைய குடியிருப்பு. அலம்தார் சாலை இதன் முதன்மைச் சாலை ஆகும்.

ஹசாரா டவுன்: நகரின் மேற்கில், 1980களில் வளர்ந்த புதிய குடியிருப்பு.

இவ்விரண்டுக்கும் இடையில் நகரின் மையப்பகுதி உள்ளது. சந்தை, பல்கலைக்கழகங்கள், அரசு அலுவலகங்கள், பெரிய விளையாட்டரங்கமான அயூப் விளையாட்டரங்கம் ஆகியன இக்குடியிருப்புகளுக்கு வெளியே அமைந்துள்ளன.

குவெட்டாவில் காற்பந்தாட்டம்

இந்தியத் துணைக்கண்டத்தின் பல நகரங்களைப் போலவே குவெட்டாவிலும் காற்பந்தாட்டம் பிரித்தானியப் படைமுகாம்கள் வழியாகப் பரவியது. குவெட்டா, ஆப்கானிஸ்தானை நோக்கிய போலன் கணவாயைக் காக்கும் பெரும் படைத்தளமாக இருந்தது. 1935 மே 31 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் நகரம் பெரும்பாலும் அழிந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

குவெட்டா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,680 மீட்டர் உயரத்தில் உள்ளது. இவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு. எனவே இங்கு உதைக்கப்படும் பந்து கராச்சி போன்ற கடற்கரை நகரில் செல்வதை விடச் சற்றுத் தொலைவு செல்லும். மூச்சுத் திணறல் விரைவில் ஏற்படும் என்பதால் வெளியூர் அணிகள் இங்கு விளையாடத் தடுமாறுவதுண்டு. குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் செல்லும். அக்காலத்தில் பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை விடப்படுகிறது.

பலூசிஸ்தான் மாகாணம் பாகிஸ்தான் காற்பந்துக்குத் தொடர்ந்து ஆட்டக்காரர்களை அளித்து வந்துள்ளது. துடுப்பாட்டம் (கிரிக்கெட்) நாடெங்கும் கோலோச்சும் நிலையிலும், இம்மாகாணத்தின் பல ஊர்களிலும் கராச்சியின் லியாரி பகுதியிலும் காற்பந்தே மக்கள் விளையாட்டாக உள்ளது. குவெட்டாவிலிருந்து ஏறத்தாழ 120 கி.மீ தொலைவில் ஆப்கான் எல்லையை ஒட்டியுள்ள சமன் எனும் சிற்றூரிலிருந்து தேசிய அணியின் தலைவராக விளங்கிய முகம்மது ஈசா, கிர்கிஸ்தானின் தோர்தோய் பிஷ்கெக் கழகத்திலும் பின்னர் அமெரிக்கக் கழகங்களிலும் விளையாடிய கலீமுல்லா கான் ஆகியோர் வந்தனர். இவர்கள் இருவரும் ஹசாராக்கள் அல்லர். ஆயினும் நாட்டின் ஓரத்தில் உள்ள ஓர் ஊரிலிருந்து பன்னாட்டு அரங்கம் வரை செல்ல இயலும் என்பதற்கு இவர்கள் சான்றாவர்.

கையூம் சங்கேஸி

கையூம் அலி சங்கேஸி, குவெட்டாவைச் சேர்ந்த ஹசாரா காற்பந்தாட்டக்காரர் ஆவார். 1960களில் பாகிஸ்தான் தேசிய அணிக்கு விளையாடியதுடன் அதன் தலைவராகவும் இருந்தார். மக்கள் இவரைக் "கையூம் பாப்பா" என்று அன்புடன் அழைத்தனர். தமிழில் குழந்தையைக் குறிக்கும் பாப்பா என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. குவெட்டாவின் ஹசாராப் பகுதியில் உள்ள விளையாட்டு மைதானம் ஒன்று இவர் பெயரால் வழங்கப்படுகிறது.

இவர் விளையாடிய காலம் பாகிஸ்தான் காற்பந்தின் நல்ல காலங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1952-இல் கொழும்பில் நடைபெற்ற கொழும்புக் கிண்ணப் போட்டியில் பாகிஸ்தானும் இந்தியாவும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. 1962-இல் மலாயாவில் நடைபெற்ற மெர்தேக்கா போட்டியில் பாகிஸ்தான் இறுதி ஆட்டம் வரை சென்று இந்தோனேசியாவிடம் தோற்றது. அக்காலத்தில் குவெட்டாவிலிருந்து லாகூருக்கோ கராச்சிக்கோ தொடர்வண்டியில் செல்வது ஹசாரா இளைஞர் ஒருவருக்கு உயிராபத்தான செயலாக இருக்கவில்லை. அவருடைய இனம் படைத்துறையிலும் அரசுப் பணியிலும் நன்கு இடம்பெற்றிருந்த காலமும் அதுவே. சங்கேஸியின் உயர்வையும் பின்வந்தோரின் நிலையையும் ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ளுதல் வேண்டும்.

உயர்வின் படிநிலைகள்

ஐரோப்பிய நாடுகளில் பெரிய கழகங்கள் எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுவர்களைத் தம் பயிற்சிப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டு அவர்களைப் படிப்படியாக வளர்க்கின்றன. பாகிஸ்தானில் இத்தகைய அமைப்பு பெரும்பாலும் இல்லை. இங்கு ஆட்டக்காரர் ஒருவர் பின்வரும் படிநிலைகளைக் கடக்க வேண்டியுள்ளது.

தெருவும் மைதானமும்

முதற்படி தெருவாகும். மரியாபாத் மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட வீடுகளைக் கொண்டது. பன்னாட்டுத் தரத்திலான காற்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. அதாவது 7,140 சதுர மீட்டர் சமதளம் தேவை. நெருக்கமான மலையடிவாரக் குடியிருப்பில் இவ்வளவு வெற்றிடம் கிடைப்பது அரிது. எனவே சிறுவர்கள் சந்துகளிலும், கற்கள் நிறைந்த சரிவுகளிலும், உள்ள ஓரிரு மைதானங்களிலும் முறைவைத்து விளையாடுகின்றனர். குறுகிய இடத்தில் ஆடுவதால் பந்தைக் காலருகே வைத்துக் கட்டுப்படுத்தும் திறன் வளர்கிறது. ஆனால் நீண்ட பந்து அளித்தல், அகன்ற களத்தில் இடமறிந்து நிற்றல் ஆகியவற்றைப் பெரிய களத்திலேயே கற்க முடியும்.

உள்ளூர்க் கழகம்

இரண்டாவது படி உள்ளூர்க் கழகம். இவை பெரும்பாலும் பகுதி மக்களின் நன்கொடையிலும் மூத்த ஆட்டக்காரர்களின் ஊதியமற்ற உழைப்பிலும் இயங்குகின்றன. கழகம் மாவட்டக் காற்பந்துச் சங்கத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற கழகத்தின் ஆட்டக்காரரே அடுத்த நிலைத் தேர்வுகளில் கலந்துகொள்ள இயலும். எனவே ஓர் இளைஞனின் முதல் உண்மையான அடையாள அட்டை அவனுடைய கழகப் பதிவேயாகும்.

மாவட்ட, மாகாணத் தேர்வுகள்

மூன்றாவது படியில் அவர் முதன்முறையாகத் தன் குடியிருப்புக்கு வெளியே செல்கிறார். தேர்வு ஆட்டங்கள் அயூப் விளையாட்டரங்கம் போன்ற பொது மைதானங்களில் நடைபெறுகின்றன. மரியாபாத்திலிருந்தோ ஹசாரா டவுனிலிருந்தோ அங்குச் செல்லச் சோதனைச் சாவடிகளைக் கடந்து நகரின் ஊடே பயணம் செய்ய வேண்டும். தேர்வு ஒரு நாளில் முடிவதில்லை. பயிற்சி முகாம் எனில் வாரக்கணக்கில் நாள்தோறும் செல்ல வேண்டும். பல குடும்பங்கள் இப்படியிலேயே தம் மகனை நிறுத்திக்கொள்கின்றன.

துறை அணிகள்

நான்காவது படி பாகிஸ்தானுக்கே உரிய ஒன்றாகும். இந்நாட்டில் நீண்டகாலமாக விளையாட்டு வீரர்களுக்கு ஊதியம் வழங்கியவை தனியார் கழகங்களை விட அரசுத் துறைகளும் நிறுவனங்களுமே ஆகும். நீர், மின்சார வளர்ச்சி வாரியம் (வாப்டா), தரைப்படை, கான் ஆய்வுக்கூடங்கள், தேசிய வங்கி முதலியவை காற்பந்து அணிகளை நடத்தின. துறை அணியில் இடம் பெறும் ஆட்டக்காரருக்கு அத்துறையில் வேலையும் மாத ஊதியமும் கிடைக்கும். ஏழைக் குடும்பத்து இளைஞருக்குக் காற்பந்து ஒரு பிழைப்பாக மாறுவது இங்குதான்.

2004-இல் தேசிய அளவிலான லீக் தொடங்கப்பட்டு, 2007-இல் பாகிஸ்தான் பிரீமியர் லீக் எனப் பெயரிடப்பட்டது. இதன் வாகையர் பட்டங்களை வாப்டா, தரைப்படை, கான் ஆய்வுக்கூடங்கள், கே-எலெக்ட்ரிக் ஆகிய நிறுவன அணிகளே பெற்றன. பலூசிஸ்தானிலிருந்து சமனின் ஆப்கான் கழகம் போன்ற ஊர்க் கழகங்களும் இதில் பங்கேற்றன. துறை அணிகளின் தலைமையிடங்கள் பெரும்பாலும் லாகூர், ராவல்பிண்டி, கராச்சி போன்ற நகரங்களில் இருந்தன. குவெட்டாவுக்கு இவற்றுள் கராச்சியே அருகில் உள்ளது. அதுவும் சாலை வழியாக ஏறத்தாழ 700 கி.மீ தொலைவாகும்.

2021-இல் அரசு துறை அணிகளைக் கலைக்க ஆணையிட்டது. மண்டல அணிகளே விளையாட்டை வளர்க்கும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். பல விளையாட்டுகளைச் சேர்ந்த வீரர்கள் வேலையிழந்தனர். 2022-இல் அடுத்த அரசு அவ்வாணையை விலக்கிக்கொண்டது.

தேசிய அணி

இறுதிப் படி தேசிய அணி. 2010களில் பிரித்தானியா, டென்மார்க் முதலிய நாடுகளில் பிறந்து வளர்ந்த பாகிஸ்தான் வம்சாவளி ஆட்டக்காரர்கள் இவ்வணியில் பெருமளவில் இடம்பெறலாயினர். 2023 அக்டோபர் 17 அன்று இஸ்லாமாபாத்தில் கம்போடியாவை 1-0 எனப் பாகிஸ்தான் வென்றது. இது உலகக்கிண்ணத் தகுதிச் சுற்றில் பாகிஸ்தான் பெற்ற முதல் வெற்றியாகும். இதில் கோல் அடித்த ஹாருன் ஹமீது இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஐரோப்பியப் பயிற்சிப் பள்ளிகளில் தேர்ந்தவர்களோடு, குவெட்டாவின் கல் மைதானத்தில் ஆடியவர் ஒரே இடத்துக்குப் போட்டியிட வேண்டிய நிலை இதனால் உருவாகியுள்ளது.

பாதுகாப்பும் பயணமும்

1990களின் இறுதியிலிருந்து குவெட்டா ஹசாராக்கள் மீது தொடர்ச்சியான தாக்குதல்கள் நடைபெற்றன. இவற்றுள் பலவற்றுக்கு லஷ்கர்-ஏ-ஜாங்வி எனும் சன்னி தீவிரவாத அமைப்பும், பின்னாளில் இஸ்லாமிய அரசு எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் அமைப்பும் பொறுப்பேற்றன. பாகிஸ்தானின் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2012 சனவரி முதல் 2017 திசம்பர் வரை குவெட்டாவில் 509 ஹசாராக்கள் கொல்லப்பட்டனர். 627 பேர் காயமடைந்தனர்.

இளைஞர்களின் நடமாட்டத்தைப் பெரிதும் பாதித்த நிகழ்வுகளுள் சில:

2011 செப்டம்பர் 20: குவெட்டாவுக்குத் தெற்கே மஸ்துங் பகுதியில் ஈரானுக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் பேருந்து நிறுத்தப்பட்டு, ஹசாராக்கள் கீழே இறக்கப்பட்டுச் சுடப்பட்டனர். கராச்சி செல்லும் சாலையும் மஸ்துங் வழியாகவே செல்கிறது.

2012 சூன் 18: குவெட்டாவில் தகவல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து குண்டுவெடிப்புக்கு உள்ளானது. அதில் ஹசாரா மாணவர்கள் பலர் இருந்தனர்.

2013 சனவரி 10: அலம்தார் சாலையில் உள்ள ஸ்னூக்கர் விளையாட்டுக் கூடத்தில் குண்டு வெடித்தது. மீட்புப் பணிக்கு மக்கள் கூடியபோது வெளியே இரண்டாவது குண்டு வெடித்தது. 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உறவினர்கள் உடல்களை அடக்கம் செய்ய மறுத்து, கடும் குளிரில் சாலையில் அமர்ந்து போராடினர். இதன் பின் மாகாண அரசு கலைக்கப்பட்டது.

2013 பெப்ரவரி 16: ஹசாரா டவுன் சந்தைப் பகுதியில் நீர்த் தொட்டியில் மறைத்து வைக்கப்பட்ட குண்டு வெடித்து 80-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

2019 ஏப்ரல் 12: நகரின் ஹசார்கஞ்சி காய்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. ஹசாரா வணிகர்கள் பாதுகாப்பு வாகனங்களின் துணையுடன் அங்குச் சென்றிருந்தனர்.

இத்தாக்குதல்களுக்குப் பின் இரு குடியிருப்புகளைச் சுற்றியும் சோதனைச் சாவடிகளும் தடுப்புகளும் அமைக்கப்பட்டன. இவை உள்ளே இருப்போருக்குப் பாதுகாப்பளித்தன. அதே வேளையில் வெளியே செல்வதைக் கடினமாக்கின. மனித உரிமை ஆணையத்தின் அறிக்கையும் கல்வி, வணிகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் நடமாட்டக் கட்டுப்பாடு ஏற்படுத்திய பாதிப்பைச் சுட்டிக்காட்டியது.

காற்பந்தாட்டக்காரருக்கு இதனால் விளையும் இழப்பு எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. மாணவர் வீட்டிலிருந்து படிக்கலாம். வணிகர் கடையைக் குடியிருப்புக்குள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் காற்பந்தில் ஒருவர் தன்னிலும் சிறந்த எதிரணியோடு ஆடினாலன்றி முன்னேற இயலாது. அவ்வெதிரணி எப்போதும் வேறிடத்தில் உள்ளது. ஒரே பகுதியின் அணிகள் தமக்குள்ளேயே ஆண்டுதோறும் மோதிக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் தரம் ஓர் அளவுக்கு மேல் உயர்வதில்லை. மேலும் தேர்வாளர்கள் குடியிருப்புக்குள் வந்து ஆட்டங்களைப் பார்ப்பதும் அரிது.

பிற விளையாட்டுகளுடன் ஒப்பீடு

குவெட்டா ஹசாராக்கள் குத்துச்சண்டை, கராத்தே முதலியவற்றில் பன்னாட்டு அளவில் பதக்கங்கள் பெற்றுள்ளனர். குத்துச்சண்டை வீரர் சையத் அப்ரார் உசைன் 1990-இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்கேற்றார். பின்னர் விளையாட்டு நிர்வாகியாகப் பணியாற்றிய இவர் 2011 சூன் 16 அன்று குவெட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கராத்தே வீராங்கனை நர்கிஸ் ஹமீதுல்லா 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் பெற்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் பதக்கம் பெற்ற முதல் பாகிஸ்தான் பெண் இவரே.

கராத்தேயும் குத்துச்சண்டையும் ஒரு கூடத்துக்குள் கற்கத்தக்கவை. பத்து மீட்டர் அறையும் ஒரு நல்ல ஆசிரியரும் இருந்தால் போதும். ஆட்டக்காரர் தனியாளாகத் தேர்வு பெற்றுத் தனியாளாகப் போட்டிக்குச் செல்லலாம். காற்பந்துக்கோ பெரிய களமும், இருபத்திரண்டு பேரும், தொடர்ச்சியான லீக் ஆட்டங்களும் தேவை. அடைபட்ட குடியிருப்பு ஒன்றில் தற்காப்புக் கலைகள் தழைக்கவும் காற்பந்து தேங்கவும் இவ்வமைப்பு வேறுபாடு ஒரு முக்கிய காரணம் எனலாம்.

கூட்டமைப்பின் நெருக்கடி

பாதுகாப்பு தவிர, பாகிஸ்தான் காற்பந்தாட்டம் முழுமையையும் பாதித்த நிர்வாகச் சிக்கலும் உண்டு. 1947-இல் தொடங்கப்பட்ட பாகிஸ்தான் காற்பந்துக் கூட்டமைப்பில் 2015-இல் தலைமைப் பிணக்கு ஏற்பட்டது. இதனால் 2014-15 பருவத்துக்குப் பின் லீக் ஆட்டங்கள் நின்றன. அடுத்த பருவம் 2018-இல் தான் தொடங்கியது. 2018-19 பருவத்துக்குப் பின்னரும் 2024 வரை முறையான அங்கீகாரத்துடன் எந்த லீக் பருவமும் முழுமையாக நடந்து முடியவில்லை.

பன்னாட்டுக் காற்பந்துச் சங்கங்களின் கூட்டமைப்பு (ஃபிஃபா) பாகிஸ்தானை மூன்று முறை இடைநீக்கம் செய்தது.

2017 அக்டோபர் முதல் 2018 மார்ச் வரை: நீதிமன்றம் அமர்த்திய நிர்வாகியின் கையில் கூட்டமைப்பின் அலுவலகமும் கணக்குகளும் இருந்தமை காரணம்.

2021 ஏப்ரல் முதல் 2022 சூன் வரை: லாகூரில் உள்ள தலைமை அலுவலகத்தை ஒரு குழுவினர் கைப்பற்றியமை காரணம். அப்போது கராச்சியில் நடந்துகொண்டிருந்த தேசிய மகளிர் வாகையர் போட்டி பாதியில் நின்றது.

2025 பெப்ரவரி 6 முதல் மார்ச் 2 வரை: கூட்டமைப்பின் விதிகளில் கோரப்பட்ட திருத்தங்கள் ஏற்கப்படாமை காரணம். திருத்தங்கள் ஏற்கப்பட்டதும் இடைநீக்கம் நீங்கியது.

இடைநீக்கக் காலத்தில் தேசிய அணியும் கழகங்களும் பன்னாட்டுப் போட்டிகளில் பங்கேற்க இயலாது. காற்பந்தாட்டக்காரரின் விளையாட்டு வாழ்வு குறுகியது. 16 வயதுக்கு உட்பட்டோர், 19 வயதுக்கு உட்பட்டோர், 23 வயதுக்கு உட்பட்டோர் என அமைந்த அணிகளில் ஒருவருக்கு ஓரிரு ஆண்டுகளே வாய்ப்பு உண்டு. 2015-இல் 18 வயதாக இருந்தவர் லீக் மீண்டும் தொடங்கியபோது 21 வயதினர். வளர்ச்சிக்கு மிக இன்றியமையாத ஆண்டுகள் அவருக்குப் போட்டியின்றியே கழிந்தன. இவ்விழப்பு நாட்டின் எல்லா இளைஞர்களுக்கும் பொதுவானது. எனினும் ஏற்கெனவே ஓரிரு வாய்ப்புகளே பெறக்கூடிய ஹசாரா இளைஞருக்கு இது இரட்டை இழப்பாகும்.

பெண்கள்

பாகிஸ்தானில் முதலாவது தேசிய மகளிர் காற்பந்து வாகையர் போட்டி 2005-இல் நடைபெற்றது. தேசிய மகளிர் அணி 2010-இல் பன்னாட்டுப் போட்டிகளில் ஆடத் தொடங்கியது. பலூசிஸ்தானின் பிற பகுதிகளோடு ஒப்பிடுகையில் ஹசாரா சமூகத்தில் பெண் கல்வியும் பெண்கள் விளையாட்டில் ஈடுபடுவதும் கூடுதலாகக் காணப்படுகின்றன.

சாகிதா ரசா குவெட்டாவைச் சேர்ந்த ஹசாரா வீராங்கனை. பாகிஸ்தான் தேசிய வளைகோற் பந்தாட்ட (ஹாக்கி) அணிக்காக விளையாடிய இவர், உள்நாட்டுப் போட்டிகளில் காற்பந்தும் ஆடினார். தன் மகனின் மருத்துவத்துக்கு வழிதேடி ஐரோப்பா செல்ல முயன்ற இவர், துருக்கியிலிருந்து புறப்பட்ட மரப்படகு 2023 பெப்ரவரி 26 அன்று இத்தாலியின் கலாப்ரியா கடற்கரையில் உடைந்தபோது உயிரிழந்தார். அவ்விபத்தில் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவருடைய உடல் குவெட்டாவுக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. தேசிய அணியின் உடையை அணிந்த பின்னும் ஒருவருக்கு நிலையான வருவாயோ குடும்பத்துக்குரிய மருத்துவ வசதியோ கிடைப்பதில்லை என்பதை இந்நிகழ்வு நாடெங்கும் பேசவைத்தது.

புலம்பெயர்வு

2000களின் இறுதியிலிருந்து ஹசாரா இளைஞர்கள் பலர் இந்தோனேசியா வழியாகப் படகுகளில் ஆஸ்திரேலியா செல்ல முயன்றனர். 2011 திசம்பரில் சாவகக் கடற்கரையை அடுத்து ஒரு படகு மூழ்கி ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். அவர்களுள் ஹசாராக்களும் இருந்தனர். 2013-இல் ஆஸ்திரேலிய அரசு படகில் வருவோரை நாட்டில் குடியேற்றுவதில்லை எனும் கொள்கையைக் கடுமையாக்கியது.

மெல்பேர்ண், அடிலெய்ட் முதலிய நகரங்களில் குடியேறிய ஹசாராக்கள் தமக்குள் காற்பந்து அணிகளை அமைத்து விளையாடி வருகின்றனர். உள்ளூர்க் கழகம் ஒன்று வளர்வதற்கு இளம் ஆட்டக்காரரோடு, ஓய்வு பெற்றபின் பயிற்சியாளராகும் மூத்தவரும் தேவை. குவெட்டாவின் கழகங்கள் புலம்பெயர்வினால் இவ்விரு தலைமுறையினரையும் இழந்தன.

இன்றைய நிலை

2023 மே மாதம் பாகிஸ்தானின் 34-ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் குவெட்டாவில் நடைபெற்றன. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து வீரர்கள் இந்நகருக்கு வந்தது குறிப்பிடத்தக்க மாற்றமாகக் கருதப்பட்டது. 2013-ஐ ஒத்த பெருந்தாக்குதல்கள் குறைந்துள்ள போதிலும், 2021 சனவரி 3 அன்று மச் பகுதியில் ஹசாரா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் கடத்திக் கொல்லப்பட்ட நிகழ்வு, குடியிருப்புக்கு வெளியே அச்சம் நீங்கவில்லை என்பதைக் காட்டியது. 2025 மே மாதம் காற்பந்துக் கூட்டமைப்புக்குத் தேர்தல் நடைபெற்று, ஆறாண்டுகளாக நீடித்த இடைக்கால நிர்வாகம் முடிவுக்கு வந்தது.

ஒரு ஹசாரா இளைஞர் தேசிய அணியை எட்டுவதற்குத் தேவையானவற்றை மேற்கூறியவற்றிலிருந்து தொகுக்கலாம்: குடியிருப்பின் அருகே முழு அளவிலான களம், ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் மாவட்ட லீக், தேர்வாளர்கள் நேரில் வந்து பார்க்கும் முறை, ஊதியம் வழங்கும் அணி, இவை யாவற்றுக்கும் மேலாக ஆட்டத்துக்குச் சென்று திரும்பப் பாதுகாப்பான சாலை. இவற்றுள் முதல் நான்கும் பாகிஸ்தானின் எந்த ஊர் இளைஞருக்கும் தேவையானவை. ஐந்தாவது, மரியாபாத்திலும் ஹசாரா டவுனிலும் வாழ்வோருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது.